சரிவில் நிற்கும் கமரா

பொகவந்தலாவையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புனித மரியாள் தேவாலயம் இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கமரோன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த ஒரு கமராவால் புகைப்படக்காரரானவர். டார்வின், டென்னிசன், வானியலாளர் ஜோன் ஹேர்ஷல் ஆகியோரின் முகங்களை உலகம் இன்று நினைவில் வைத்திருப்பதில் இவர் படங்களுக்குப் பெரும் பங்குண்டு. 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். இங்கே எடுத்த மிகச் சில படங்களில் களுத்துறைக் கிராமத்தவர்களும் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார்.

அவர் காலத்துக் கமரா ஒரு மரப்பெட்டி. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளிக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயும் முன்பே ஒளி படவைக்க வேண்டும். அந்தத் தகட்டுக்கு ஒளியுணர்வு மிகக் குறைவு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எடுத்த கமரோனின் படங்களுக்கு ஒரு தகட்டுக்குச் சில நிமிடங்கள்கூடத் தேவைப்பட்டன. அத்தனை நேரம் அந்தக் கனத்த பெட்டியைக் கையில் பிடிக்க எவராலும் முடியாது. அதைக் கால்களில்தான் நிறுத்த வேண்டும். கமரோனின் படங்களில் முகங்கள் சற்றே கலங்கித் தெரிவதைப் பலர் குறை சொன்னார்கள். கூர்ந்து பார்த்தால் அந்தக் கலக்கம் முகத்திலும் கூந்தலிலும் இருக்கும். உட்கார்ந்திருந்தவர் மூச்சு விட்டார், இமைத்தார், சற்று அசைந்தார். வில்லையின் குவியத்தைக் கமரோன் மென்மையாக வைத்ததும் ஒரு காரணம். பெட்டி மட்டும் அசையவில்லை. கமராவைத் தாங்கும் ஸ்டாண்ட் எதை நிறுத்தும், எதை நிறுத்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவர் மறைந்து 55 ஆண்டுகளுக்குப் பிறகு, 1934இல், பஸில் ரைட் என்ற ஆங்கிலேயர் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். பின்னணிக் குரல் நம் நாட்டு லயனல் வென்ட். படத்தின் முதற்பகுதியில் யாத்திரிகர்கள் சிவனொளிபாதமலையில் ஏறுகிறார்கள். 2,243 மீற்றர் உயரமான அந்த மலைக்கு, பாரமான திரைப்படக் கமராவைச் சுமந்து போவது சிறிய வேலையல்ல. இன்று மஸ்கெலியாவிலிருந்து ஏறும் எந்த இளைஞனின் சட்டைப் பையிலும் அதைவிடக் கூர்மையாகப் படம்பிடிக்கும் கருவி இருக்கிறது. ஆனால் அவன் எடுத்து வரும் வீடியோவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கருவி இலேசானதோடு கால்களையும் நாம் கழற்றிவிட்டோம். குறை தொலைபேசியில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கையிலிருந்து தொடங்குவோம். உடல்நலத்தோடு இருக்கும் எவருடைய கையும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை நுண்ணியதாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அது நோயல்ல, தசை நார்கள் மாறிமாறிச் சுருங்குவதன் விளைவு. அதன்மேல் மூச்சின் ஏற்றத்தாழ்வு. அதற்கும் மேல் உடம்பு முழுவதும் மெதுவாகச் சாய்ந்து நிமிரும் அசைவு. பணியக் கணக்கிலிருந்து மேட்டு லயத்துக்குப் படிகளில் ஏறி வந்தவுடன் கமராவைத் தூக்கினால், மூச்சும் இதயத்துடிப்பும் சேர்ந்து அந்த அசைவைப் பெருக்கிவிடும். வீடியோ விநாடிக்கு 25 அல்லது 30 படங்களாகப் பதிவாகிறது. ஆகவே நடுக்கம் ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்துக்குள் இரண்டு மூன்று படங்கள் விழுந்துவிடும். அவற்றை அடுத்தடுத்துக் காட்டும்போது கண்ணுக்கு அது துடிப்பாகத் தெரிகிறது. நல்ல வெயிலில் எடுத்த ஒரு புகைப்படத்தில் இதே நடுக்கம் தெரியாமலே போகும். ஐந்நூறில் ஒரு விநாடிக்குள் கை எவ்வளவு தூரம்தான் போய்விடும்? வீடியோவில் பார்வையாளரின் கண் ஒவ்வொரு படத்தையும் முந்தியதோடு ஒப்பிடுகிறது. அதனால் எதுவும் தப்பாது.

இந்த நடுக்கத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, கமரா இடம்விட்டு நகர்வது. மற்றது, நின்ற இடத்திலேயே திரும்புவது. தலவாக்கலைப் பக்கம் ஏ7 வீதியோரத்தில் நின்று, 80 மீற்றர் உயரமான சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அருவிக்கும் உங்களுக்கும் இடையே 500 மீற்றர் இருக்கட்டும். தொலைபேசியின் சாதாரண வில்லை ஏறத்தாழ 60 பாகை அகலத்தைப் பார்க்கிறது என்றால், அந்தத் தூரத்தில் 577 மீற்றர் அகலமான காட்சி 1,920 புள்ளிகளில் அடங்கும். ஒரு புள்ளிக்கு 30 சென்ரிமீற்றர். உங்கள் கை 2 மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால், அது படத்தில் ஒரு புள்ளியின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதே கை ஒரு பாகையில் பத்திலொன்று திரும்பினால், அருவியின் தொலைவில் அது 87 சென்ரிமீற்றர் விலகல். மூன்று புள்ளிகள் துள்ளும். பத்து மடங்கு சூம் செய்து அருவியை நெருக்கமாகக் காட்டினால் அந்த மூன்று, ஏறத்தாழ 30 புள்ளிகளாகிவிடும். சூம் செய்ததும் படம் தறிகெட்டு ஆடுவது இதனால்தான்.

நெருக்கத்தில் கணக்கு தலைகீழாக மாறும். கொழுந்து பறிக்கும் விரல்களை 30 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து எடுக்கிறீர்கள். காட்சியின் மொத்த அகலமே 35 சென்ரிமீற்றர்தான். இப்போது அந்த 2 மில்லிமீற்றர் பக்கவாட்டு நகர்வு பதினொரு புள்ளிகளாகிவிடும். இது முக்கியமான இடம். தொலைபேசிக்குள் இருக்கும் நடுக்கம்நீக்கி பெரும்பாலும் கைரோஸ்கோப் என்ற உணரியை நம்பியிருக்கிறது. கைரோஸ்கோப் திரும்புதலை அறியும். பக்கவாட்டு நகர்வை அறியாது. ஆகவே தூரத்து மலையை ஓரளவு நிலையாகக் காட்டும் அதே தொலைபேசி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமான தளிரை அருகில் காட்டும்போது கைவிட்டுவிடுகிறது. மிக நெருக்கமான காட்சிகளுக்குத்தான் ஸ்டாண்ட் மிக அவசியம். பலரும் இதை மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடுக்கம்நீக்கியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வில்லையோ உணர்தகடோ உள்ளேயே எதிர்த்திசையில் நகர்ந்து ஈடு செய்யும். மற்றது வெறும் கணக்கு வேலை: படத்தின் ஓரங்களைச் சற்றே வெட்டி ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு படத்தையும் எதிர்த்திசையில் இழுத்துப் பொருத்தும். பகலில் இது நன்றாகவே வேலை செய்கிறது. இரவில் ஒரு படத்துக்கு இருபத்தைந்தில் ஒரு விநாடி வரை ஒளி தேவைப்படும். அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் மங்கல் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். அதன்பின் படத்தை எவ்வளவுதான் இழுத்துப் பொருத்தினாலும் அந்த மங்கல் போகாது. நிலையாக நிற்கும் காட்சியில் மங்கல் மட்டும் வந்து வந்து போவது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

நம் கண் இப்படி ஆடுவதில்லையே என்று கேட்கலாம். ஆடுகிறது; ஆனால் மூளை அதைத் திருத்திக்கொள்கிறது. இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, உங்கள் தலையை இடமும் வலமும் வேகமாக அசைத்துப் பாருங்கள். எழுத்துகளை வாசிக்க முடியும். இப்போது தலையை நிறுத்திவிட்டு, பக்கத்தை அதே வேகத்தில் அசையுங்கள். எழுத்து கலைந்துபோகும். தலை திரும்புவதை உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு அறிந்து, நூறில் ஒரு விநாடியளவில் விழிகளை எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. ஆடும் வீடியோவைப் பார்க்கும்போது உட்காது அமைதியாக இருக்கிறது. கண் மட்டும் உலகம் குலுங்குகிறது என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால்தான் சிலருக்குக் குமட்டலே வந்துவிடுகிறது.

ஆடும் படத்துக்கு இன்னொரு இழப்பும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது. முழு எச்.டி. காட்சியின் ஒரு படம் சுருக்காமல் வைத்தால் 6 மெகாபைட்டுக்கு மேல் வரும். விநாடிக்கு 25 படம் என்றால் 155 மெகாபைட். தொலைபேசி அதை விநாடிக்குச் சுமார் 2 மெகாபைட்டாகச் சுருக்கிச் சேமிக்கிறது. எப்படி? முந்திய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதிவைக்கிறது. கமரா நின்றிருந்தால் சென் கிளேயரில் தண்ணீரும் மேகமும் மட்டும்தான் மாறும். பாறையும் தேயிலைச் சரிவும் அப்படியே இருக்கும். அவற்றுக்கு ஒருமுறை செலவழித்தால் போதும். கமரா குலுங்கினால் இலட்சக்கணக்கான இலைகளும் ஒவ்வொரு படத்திலும் இடம்மாறும். காட்சி முழுதும் ஒரே சீராக ஒரு பக்கம் நகர்ந்தால் கணக்கு ஓரளவு சமாளித்துக்கொள்ளும். சுழற்சியும் மங்கலும் சேரும்போது அதனால் முடியாது. எழுதவேண்டியது பெருகும், இடமோ அதே அளவு. இலைகளின் நுணுக்கம் பலியாகி, தேயிலை மலை பச்சைச் சதுரங்களாகக் கட்டிதட்டிப் போகும். அந்த வீடியோவையே வட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டாம் முறையும் சுருங்கும். கட்டாரிலும் துபாயிலும் இருந்து ஊர்த் திருவிழாவைப் பார்க்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது அந்தச் சதுரங்கள்தான்.

இனி மூன்று கால்கள். நான்கு கால் வாங்கை லயத்து வாசலில் போட்டால் ஒரு கால் எப்போதும் தூக்கிக்கொண்டே நிற்கும். அடியில் கல் வைத்துத்தான் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் போகும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் விழ வேண்டிய கட்டாயம் இல்லை. தரை எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் மூன்று கால்களும் தரையைத் தொட்டே நிற்கும். இது வடிவியல் தரும் உத்தரவாதம். விலை உயர்ந்த ஸ்டாண்டுக்கும் மலிவான ஸ்டாண்டுக்கும் பொது.

விழாமல் நிற்பது வேறு விஷயம். கமராவின் நிறை நேர்கீழாக இறங்கும் கோடு, மூன்று கால்களும் அமைக்கும் முக்கோணத்துக்குள் விழ வேண்டும். சமதரையில் இது தானாக நடக்கும். நம் ஊரில் சமதரையைத் தேடித்தான் போக வேண்டும். 30 பாகைச் சரிவில் மூன்று கால்களையும் ஒரே நீளத்தில் விரித்தால், அந்தக் கோடு பள்ளத்துப் பக்க ஓரத்தை நெருங்கிவிடும். ஒரு காற்று போதும். அதே சரிவில், கிடையாக ஒரு மீற்றர் இடைவெளியுள்ள இரு கால்களுக்கு இடையே உயர வித்தியாசம் 58 சென்ரிமீற்றர். அவ்வளவையும் கால்களின் நீளத்தில் சரிக்கட்ட வேண்டும். நில அளவையாளர்கள் தியோடலைட்டை மலையில் நிறுத்தும் முறையே சரியானது: இரண்டு கால்கள் பள்ளத்தை நோக்கி, ஒன்று மேட்டை நோக்கி. பள்ளத்து இரண்டையும் நீட்டி, மேட்டுக் காலைக் குறுக்குங்கள். பாரம் சாய நினைக்கும் பக்கத்தில் இரு கால்கள் தாங்கும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும். கால்களை மிதித்து அழுத்தியோ, தட்டைக் கல் வைத்தோ நிறுத்தாவிட்டால், பத்து நிமிடப் பதிவில் காட்சி மெல்ல மெல்லச் சாய்வதைப் பின்னர்தான் கண்டுபிடிப்பீர்கள். கான் ஓரத்து மண் இன்னும் மோசம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மட்டம் பார்ப்பதிலும் மலை நம்மை ஏமாற்றும். கடற்கரையில் தொடுவானம் இருக்கிறது. இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் சரிவுக்கோடு. கண் அதையே தரையாக எடுத்துக்கொள்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்கள் செடிமேல் வைக்கும் மட்டக்கம்பு, மலையின் சரிவோடு சேர்ந்து சாய்ந்துதான் கிடக்கும். அவர்களின் வேலைக்கு அதுதான் சரி. கமராவின் மட்டமோ புவியீர்ப்போடு பொருந்த வேண்டும். ஸ்டாண்டில் உள்ள நீர்மட்டக் குமிழைப் பாருங்கள். இல்லாவிட்டால் தேயிலை ஸ்டோரின் சுவர் விளிம்பு படத்தில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டாண்ட் என்பது மூன்று கம்பிகள் மட்டுமல்ல, ஓர் அதிர்கருவியும்கூட. ஒவ்வொரு அமைப்புக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. காற்று அதைத் தொட்டால் சில விநாடிகள் நடுங்கி அடங்கும். குழாயின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசை அதை எட்டு மடங்கு வளைக்கும். விட்டம் பாதியாகி, சுவரின் தடிப்பும் அதே விகிதத்தில் குறைந்தால், வளைவை எதிர்க்கும் விறைப்பு பதினாறில் ஒன்றாகிவிடும். ஆகவே கால்களின் தடித்த பகுதியை முதலில் நீட்டுங்கள். அடியிலுள்ள மெல்லிய பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். நடுத்தண்டை உயர்த்துவது மூன்று கால் நாற்காலிமேல் ஒற்றைக்காலை நட்டதற்குச் சமம்; முடிந்தவரை உயர்த்தாதீர்கள். பையில் கல்லோ மணலோ நிரப்பி நடுவில் தொங்கவிடுவது நல்லது. ஆனால் பை காற்றில் ஊஞ்சலாடினால் அதுவே நடுக்கத்தை ஊட்டும். பையின் அடி தரையைத் தொட்டு நிற்கட்டும்.

ஸ்டோருக்குள் நிலைமை வேறு. இங்கே தரையே நடுங்குகிறது. கொழுந்தை உருட்டும் உருளை இயந்திரங்களும், வாட்டும் தட்டுகளுக்குக் காற்றூதும் பெரிய மின்விசிறிகளும் ஓடும்போது, மரத்தளமுள்ள பழைய ஸ்டோர்களின் மேல்மாடியில் உள்ளங்காலிலேயே அதிர்வு தெரியும். அந்தத் தளத்தில் ஸ்டாண்டை வைத்தால் அதிர்வை அது நேராகக் கமராவுக்கு ஏற்றிவிடும். கால்களின் அடியில் தடித்த இறப்பர் துண்டுகளைப் போட்டு, தளத்தின் நடுவை விட்டு, தூணோ சுவரோ தாங்கும் ஓரத்துக்கு நகருங்கள். தளம் நடுவில்தான் அதிகம் துள்ளும். அதுவும் போதாதென்றால் கையில் பிடிப்பதே மேல்: முழங்கையும் முழங்காலும் அந்த அதிர்வின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஸ்டாண்ட் தோற்கும் இடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்டாண்டில் வைத்தபின் கமராவின் நடுக்கம்நீக்கியை நிறுத்திவிடுவதும் நல்லது. சில கருவிகளில், இல்லாத நடுக்கத்தைத் தேடி அது படத்தை மெல்ல இழுக்கும்.

கமராவைத் திருப்ப வேண்டுமென்றால் ஸ்டாண்டின் தலை நல்லதாக இருக்க வேண்டும். வெறும் உராய்வுத் தலை முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு திடீரென்று விடுபட்டு எகிறும். தடித்த எண்ணெய் அடைத்த திரவத் தலையில், வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். அதனால் கை திடீரென இழுத்தாலும் காட்சி சீராகவே நகரும். அவுஸ்திரேலியரான எரிக் மில்லர் 1940களில் இந்த வகைத் தலையை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். ஒரு மரம் படத்தின் ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஏழு விநாடியாவது ஆகட்டும் என்பது ஒளிப்பதிவாளர்கள் கைக்கொள்ளும் அளவு. நுவரெலியாவில் பனிமூட்டம் நகர்வதை எடுக்கும்போது, கமராவைத் திருப்பவே வேண்டாம் என்பது என் கருத்து. மூட்டம் தானே நகரட்டும். அசையாத காட்சியில்தான் அதன் நடை தெரியும்.

இத்தனையும் சொல்வது அருவிக்காகவும் மூட்டத்துக்காகவும் மட்டுமல்ல. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. தப்பின் அடி மாறும்போது மதனின் கால் மாறுகிறது, ரதியின் கை மாறுகிறது. விடியும்வரை ஆடி, மதனை எரித்து, பின் எழுப்பி முடிகிற அந்தக் கூத்தை, ஆண்டுதோறும் எத்தனையோ பேர் தொலைபேசியில் பிடிக்கிறார்கள். நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றில் முகம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, பந்தத்தின் வெளிச்சம் இருக்கிறது, கால்கள் இல்லை. இருந்தாலும் மங்கிப்போயிருக்கின்றன. எந்த அடிக்கு எந்தக் கால் முன்னே வந்தது என்று எண்ணிப் பார்க்க முடியவில்லை. இருளும் ஆடும் கையும் சுருக்கமும் மூன்றும் சேர்ந்து முதலில் தின்பது அந்தக் கால்களைத்தான். கூத்தைக் கற்றுத்தரும் மூத்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாளை ஒரு பிள்ளை இந்த ஆட்டத்தைப் படித்துக்கொள்ள விரும்பினால் அதற்கு வேண்டியது அழகான ஒளிப்பதிவல்ல. ஆடுகளம் முழுதும் அடங்கிய, அசையாத, இடைவெட்டில்லாத ஒரு காட்சி.

ஆடுபவர்கள் வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள், லயத்துக்கு லயம் நகர்வார்கள். ஒரே இடத்தில் நிற்கும் கமரா எல்லாவற்றையும் பிடிக்காது என்பது உண்மை. அதற்காகக் கையில் ஒரு தொலைபேசி சுற்றி வரட்டும். இன்னொன்று மட்டும் களத்தின் ஓரத்தில், கூட்டத்தின் தலைக்கு மேலான உயரத்தில், ஸ்டாண்டில் நிற்கட்டும். ஆடுபவரின் பாதமும் தப்படிப்பவரின் கையும் ஒரே காட்சியில் வரும்படி வையுங்கள். சூம் வேண்டாம். தொலைபேசி விமான நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இடையில் வரும் ஓர் அழைப்பு பதிவை வெட்டிவிடலாம். ஸ்டாண்ட் இல்லாத தோட்டத்தில், வாசல் மதிலில் மணல் நிரப்பிய சிறு பையை வைத்து அதில் தொலைபேசியை அழுத்தி நிறுத்தினாலும் அதே வேலை நடக்கும். எடுத்த மூலக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்புவதோடு விட்டுவிடாமல், அப்படியே ஒரு பென்டிரைவில் ஏற்றி, தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலையிலோ ஒரு பிரதி வையுங்கள். தேதி, தோட்டத்தின் பெயர், ஆடியவர்களின் பெயர், தப்படித்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த மாசிக்குள் ஒவ்வொரு தோட்டத்து இளைஞர் மன்றமும் ஒரே ஒரு ஸ்டாண்ட் வாங்கினால் போதும். இந்த வேலையை அந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.